வலது கீழ் மூலையில் ஒரு கட்டம்

நாலு வயதுக் குழந்தைகளுக்கு வகுப்பில் நிற்கும் பெரியவர் யாராக இருந்தாலும் மிஸ்தான். ஆறடி உயரமும், மேலுதட்டை மூடிய மீசையும், சட்டைப் பையில் மூன்று பென்சிலுமாக அவர் வந்து நின்றபோதும் ஒரு குழந்தைகூட யோசிக்கவில்லை. பத்தொன்பது பேரும் சேர்ந்து "குட் மார்னிங் மிஸ்" என்று ராகம் இழுத்தார்கள். பக்கத்து வகுப்பு மிஸ்ஸிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டி வந்தபோது "மீசை மிஸ்" ஆனார். பதினேழு வருஷம் அந்தப் பேரே நின்றது. பெற்றவர்கள் வைத்த பேர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது.

போன மாதம் அவர் இறந்துபோனார். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அந்த வேலை அவருக்கு எப்படி நிலைத்தது என்பதைச் சொல்ல நிறைய இருக்கிறது.

அதற்கு முன் இருபத்துநாலு வருஷம் அவர் பம்பு தயாரிக்கும் தொழிற்சாலையில் டிராப்ட்ஸ்மேன். இன்ஜினியர் மனதில் நினைப்பதையும், பட்டறையில் ஃபிட்டர் கையால் அளந்து காட்டுவதையும் கோடுகளாகத் தாளில் இறக்கும் வேலை. நாற்பத்தாறாவது வயதில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் இருந்தார்.

சும்மா இருந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. எல்லாக் கதவின் கீலுக்கும் எண்ணெய் போட்டார். அலமாரித் தட்டு ஒவ்வொன்றிலும் எண் ஒட்டினார். மனைவி முன்னறையில் மெஷின் போட்டு ஜன்னல் திரை தைப்பவர். அவருடைய கத்தரிக்கோல்களை நீள வரிசைப்படி மாட்டுவதற்குச் சுவரில் ஆணி அடித்தார்.

"இன்னும் ஒரு மாசம் இப்படியே இருந்தீங்கன்னா என்னையும் கழட்டி எண்ணெய் போட்டு மாட்டிடுவீங்க," என்றார் மனைவி. வாயில் குண்டூசி இருந்ததால் பாதி வார்த்தை பல்லுக்குள்ளேயே நின்றது.

பாலிடெக்னிக்கில் முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்த மகள் புத்தகத்திலிருந்து தலை எடுக்காமல் சொன்னாள்: "பார்த்தும்மா. அப்பா மாட்டினா நாலு ஸ்குரூ மிச்சம் வரும்."

மூன்று தெரு தள்ளி ஒரு மழலையர் பள்ளி இருந்தது. அங்கே திரை மாட்டப் போன மனைவிதான் செய்தியோடு வந்தார். பள்ளியை நடத்தும் அம்மாள், எல்லாருக்கும் பெரிய மிஸ், குழந்தைகளுக்கு உயரம் குறைவாக ஒரு கழிப்பறை கட்டப் படம் போட்டுத்தர ஆள் தேடுகிறார். சொன்ன மறுநாளே அவர் டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நாலு வயது வகுப்புக்கு அன்று மிஸ் இல்லை. பிரசவ விடுப்பில் போயிருந்தார். வகுப்பில் அழுகைக் கச்சேரி. அவர் அளக்க ஆரம்பித்ததும் ஒரு குழந்தை பின்னாலேயே வந்து நின்றது. டேப்பின் முனையை அதன் கையில் கொடுத்து, "இதை நகராம பிடிச்சுக்கோ. நீ நகர்ந்தா சுவரு நகர்ந்துடும்," என்றார். குழந்தை மூச்சைக்கூட விடவில்லை. அடுத்த குழந்தை வந்தது. அதற்கடுத்தது வந்தது. இருபது நிமிஷத்தில் பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு தடவை முனையைப் பிடித்துவிட்டார்கள். சத்தம் நின்றதைக் கண்டு பயந்துபோய் பெரிய மிஸ் எட்டிப் பார்த்தார்.

"சார், உங்களுக்கு வேற வேலை ஏதாவது இருக்கா?"

"இல்லைங்க மேடம்."

"அப்போ மூணு மாசம் இவங்களைப் பாருங்க. மூணாவது மாசக் கடைசியில பெற்றோர் நாள். வர்றவங்க முகம் சுளிக்காம வீட்டுக்குப் போனா, வேலை உங்களுக்கு. சுளிச்சாங்கன்னா, கழிப்பறைப் படத்துக்கு ரொம்ப நன்றின்னு சொல்லிடுவேன்."

வீட்டில் வந்து, "வேலை கிடைச்சிருச்சு," என்று மட்டும் சொன்னார். மூன்று மாதக் கெடுவைச் சொல்லவில்லை. மனைவி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். அதைப் பார்த்த பிறகு சொல்லவும் முடியவில்லை.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. குழந்தைக்கு ஆளுக்கொரு நாட்குறிப்பு நோட்டு. தினம் ஒரு படம் வரைய வேண்டும், கீழே மிஸ் ஒரு வரி எழுத வேண்டும். முந்தைய மிஸ் எழுதிய பக்கங்களைப் புரட்டினார். "இது வாத்து." "இது பூ." "இது வாத்து." முதல் வெற்றுப் பக்கத்தைத் திறந்ததும் அவர் கை, இருபத்துநாலு வருஷமாகச் செய்ததைத் தானாகவே செய்தது. வலது கீழ் மூலையில் ஒரு கட்டம் போட்டது.

தொழிற்சாலைப் படம் எதுவானாலும் அந்த மூலையில் அந்தக் கட்டம் இருக்கும். படத்தின் எண், தேதி, அளவு, திருத்தம். அதற்குக் கீழே மூன்று கையெழுத்து: வரைந்தவர், எழுதியவர், சரிபார்த்தவர். பத்தொன்பது நோட்டிலும் கையால் போட்டு மாளாது என்று ரப்பர் ஸ்டாம்பு செய்துகொண்டார். ஸ்டாம்பு குத்துவதற்குத் தினம் அடிதடி நடந்தது. முறை வைத்துக் குத்தினார்கள்.

வரைந்தவர் கையெழுத்துப் போட வேண்டுமே, எழுதத் தெரியாதே என்று யாரும் கவலைப்படவில்லை. ஆளுக்கொரு குறி கண்டுபிடித்தார்கள். ஒருத்தி ஒரு கோடு இழுத்து அதில் எட்டுப் பல் வைத்தாள். அவள் அன்றிலிருந்து சீப்பு. ஒருவன் வட்டம் போட்டு உள்ளே நாலு புள்ளி வைத்தான், அவன் பொத்தான். பொத்தானின் அப்பா அந்த வட்டாரத்தில் பெயர் எடுத்த பல் டாக்டர்.

முதல் நாள் சீப்பு ஒரு லாரி வரைந்தாள். பக்கம் முழுக்கச் சக்கரம்.

"இதைப் பத்திச் சொல்லு," என்றார். இது என்ன என்று அவர் கேட்க மாட்டார். படம் போட்டவரிடம் அப்படிக் கேட்டால் படம் சரியில்லை என்று அர்த்தம், பட்டறைப் பழக்கம்.

"இது எங்க அப்பா லாரி. ஹாரன் அடிச்சா நாய் உக்காந்துடும்."

அப்படியே எழுதினார்.

"அளவு என்ன?"

"பெருசு."

"எவ்வளவு பெருசு?"

சீப்பு யோசித்தாள். "நெஜத்தை விட."

அளவு என்ற இடத்தில் "நெஜத்தை விடப் பெருசு" என்று எழுதினார். தொழிற்சாலையில் ஒன்றுக்குப் பத்து, ஒன்றுக்கு ஐம்பது என்று ஆயிரக்கணக்கில் எழுதியிருக்கிறார். இவ்வளவு துல்லியமான அளவை யாரும் அவரிடம் சொன்னதில்லை என்று அன்று மாலை மகளிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

சொன்னதைச் சொன்னபடி எழுதுவதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஃபிட்டர் ஒரு மூடிக்கு அளவு பன்னிரண்டரை என்றார். இவர், வாய் தவறிச் சொல்கிறார் போல என்று பன்னிரண்டு எழுதினார். நாற்பது மூடி வார்த்து வந்தன. ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஃபிட்டர் கத்தவில்லை. "தம்பி, நான் சொன்னதை எழுதத்தான் உன்னை வச்சிருக்காங்க. நீ நினைச்சதை எழுத இல்லை," என்றார். அவ்வளவுதான். ஒரு மூடியை இவர் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். கடைசி வரை பேனா போடும் தட்டு அதுதான்.

இது பெரிய மிஸ்ஸுக்குத் தெரியாது. ஒருநாள் ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"என்ன சார் இது? 'பூனை கோவமா கக்கா போகுது'ன்னு எழுதியிருக்கீங்க?"

"குழந்தை அப்படித்தான் சொல்லுச்சு மேடம்."

"'பூனை விளையாடுகிறது'ன்னு எழுதினா என்ன குறைஞ்சிடும்?"

"பூனை விளையாடலையே மேடம்."

பெரிய மிஸ் படத்தைப் பார்த்தார். பூனையின் புருவத்தைப் பார்த்தார். நோட்டை வைத்துவிட்டுப் போனார். வாசலைத் தாண்டியதும் தோள் குலுங்கியது.

தினம் என்ன வரைவது என்பதை அவர் அப்போதைக்கப்போது யோசித்தார். பையில் என்ன இருக்கிறது, வெளியே எடுக்காமல் கையை விட்டுத் தடவிப் பார்த்து வரை என்பார். மிக்ஸி சத்தத்தை வரை என்பார். அன்று ஆறு பேர் தாளைக் கிழித்தார்கள், அதுதான் சரியான படம் என்று கிழிந்ததை ஒட்டி எண் போட்டார். பள்ளிக்கு வரும் வழியில் எத்தனை முறை திரும்பினாய், திரும்பும் இடத்தில் என்ன இருந்தது. நேற்று வராமல் போன அழுகை எப்படி இருந்தது. வராத அழுகையைப் பொத்தான் ஒரு மூடிய பெட்டியாக வரைந்தான். பூட்டுப் போட்டிருந்தான்.

அழிரப்பர் கிடையாது. பிடிக்கவில்லை என்றால் அடுத்த பக்கத்தில் மறுபடி வரையலாம். அது திருத்தம். முதல் படம் அ, திருத்தினால் ஆ, அதையும் திருத்தினால் இ. கிழிக்கக் கூடாது, பழையது இருந்தால்தான் புதியது ஏன் என்று தெரியும். ஒரு மாதத்தில் திருத்தம் போடுவது வகுப்பில் பெரிய கௌரவமாகிவிட்டது. "நான் எ வந்துட்டேன், நீ இன்னும் ஈயிலயே கெடக்க," என்று சண்டை நடந்தது. சீப்புவின் லாரி ஐ வரை போனது. ஐயில் நாய் எழுந்து நின்றுவிட்டது.

ஆனால் வெளியே வேறு பேச்சு. இரண்டாவது மாதம் பெரிய மிஸ் அவரை ஓரமாகக் கூப்பிட்டார். "சார், ரெண்டு மூணு பேர் கேட்டுட்டாங்க. இன்னும் எழுத்தே ஆரம்பிக்கலையாமே, படம்தான் வரையறாங்களாமேன்னு. பெற்றோர் நாள் ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருந்தது. தூக்கத்திலும் இருந்தது.

நோட்டுகள் வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்த் திங்கட்கிழமை திரும்பும். சரிபார்த்தவர் என்ற இடத்தில் வீட்டில் இருப்பவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட வேண்டும். படித்துவிட்டுக் கையெழுத்திடவும் என்று முதல் வாரமே ஒரு தாள் அனுப்பியிருந்தார். தவறாமல் கையெழுத்து வந்தது. ஒரு குறை, ஒரு கேள்வி வரவில்லை. பத்தொன்பது வீட்டிலும் இவ்வளவு பொறுமையாகப் படித்து ஒப்புதல் தருகிறார்களே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

அவரும் ஒரு நோட்டு வைத்திருந்தார். குழந்தைகள் வரையும்போது தானும் உட்கார்ந்து வரைவார்.

"மிஸ், உங்களதை யாரு செக் பண்ணுவாங்க?" என்று சீப்பு கேட்டாள்.

"வீட்டுலதான்."

சட்டம் எல்லாருக்கும் ஒன்று. வெள்ளிக்கிழமை தன் நோட்டையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவியின் கையில் எப்போதும் துணி. மகளிடம் நீட்டினார். பாலிடெக்னிக்கில் டிராயிங் வகுப்பில் அவளும் இதே கட்டத்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். "என்னப்பா, ஹோம்வொர்க்கா?" என்று கேட்டு, சாப்பிட்ட கையை நீட்டிவைத்துக்கொண்டு இடது கையால் சர்சர்ரென்று கையெழுத்துப் போட்டுத் தந்தாள். ஒவ்வொரு வெள்ளியும்.

கெடு நெருங்கியது. அந்த வாரத்துக்கு ஒரு புது யோசனை வைத்திருந்தார். மேலிருந்து பார்த்து வரையும் படம். பெரியவர்களுக்கே புரிய ஒரு மாதம் ஆகும். அவர் சுருக்கமாகச் சொன்னார்:

"இன்னைக்கு நீங்க எல்லாரும் ஈ. பறந்துபோய் உங்க வீட்டுக் கூரையில உள்பக்கமா ஒட்டிக்கிட்டு இருக்கீங்க. கீழ பாருங்க. யாரு எங்க இருக்காங்க? என்ன பண்றாங்க?"

பத்தொன்பது ஈக்களும் இரண்டு நிமிஷம் கைகளை உதறிப் பறந்துவிட்டு உட்கார்ந்து வரைந்தன. அருமையான படங்கள். தலை வட்டம், தோள் கோடு, கட்டில் சதுரம். எல்லாவற்றையும் வார்த்தை மாறாமல் எழுதினார். வெள்ளி போனது, திங்கள் வந்தது. பத்தொன்பதிலும் கையெழுத்து.

"சனிக்கிழமை பெற்றோர் நாளுக்கு எதை மாட்டலாம் மேடம்?" என்று கேட்டார்.

பெரிய மிஸ் நாற்காலி வாடகைக்கு யாரிடமோ போனில் போராடிக்கொண்டிருந்தார். "நல்லதா பார்த்து மாட்டுங்க சார்."

தொழிற்சாலையில் நல்ல படம் என்றால் கட்டம் நிறைந்த படம். மூன்று கையெழுத்து இல்லாமல் ஒரு தாள் பட்டறை வாசலைத் தாண்டாது. மூன்றும் இருந்தால் முதலாளியே வந்தாலும் தடுக்க முடியாது. ஈப் படம் பத்தொன்பதும் நிறைந்திருந்தன. வகுப்பின் நீளத்துக்கு ஒரு கயிறு கட்டி, நோட்டுகளை அந்தப் பக்கத்தில் விரித்து, துணி காயப்போடுவது போல வரிசையாகக் கவிழ்க்காமல் கிளிப்பு போட்டு மாட்டினார். தள்ளி நின்று பார்த்தார். கயிறு தொய்யாமல் நேராக இருந்தது. அவருக்குத் திருப்தி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாரும் வந்தார்கள். அவரவர் குழந்தை கையைப் பிடித்து அவரவர் நோட்டின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. "ஆகா, நல்லா வரைஞ்சிருக்கியே" என்று எல்லாரும் ஒரே குரலில் தொடங்கினார்கள். பிறகு கீழே எழுதியிருந்ததைப் படித்தார்கள்.

முதல் நோட்டில் இருந்தது: "இது சமையலறை. இது சோப்புத்தூள் டப்பா. அதுக்குப் பின்னாடி அம்மா பிஸ்கட் ஒளிச்சு வச்சிருக்காங்க. நாங்க தூங்குனப்புறம் சாப்பிடுவாங்க. அளவு: முழு பாக்கெட்."

"அடிப்பாவி," என்றார் கணவர். "மூணு வருஷமா தேடுறேன்!"

"துவைக்கிற பக்கம் நீங்க வர மாட்டீங்கன்னுதான அங்க வச்சேன்," என்றார் மனைவி.

நாலாவது நோட்டில்: "இது குளியலறை. உள்ள அப்பா. போன் பாக்குறாங்க. குளிக்கிற சத்தம் வரணும்னு குழாயைத் திறந்து விட்டிருக்காங்க. அளவு: அரை மணி நேரம்." அந்த அப்பா நோட்டின் முன்னால் போய் மறைத்துக்கொண்டு நின்றார். மனைவி எட்டிப் பார்க்க, இவர் நகர, மனைவி மறுபக்கம் எட்ட, இவர் மறுபக்கம் நகர்ந்தார்.

ஏழாவது நோட்டில்: "அத்தை வந்தா அம்மா இந்த ஓரத்துல நிப்பாங்க. அத்தை ஊருக்குப் போனதும் நடுவுல வருவாங்க." அந்த அத்தை கூடவே வந்திருந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டாவது முறையும் படித்தார்.

மீசை மிஸ்ஸுக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்கள் யாரும் இதை இதற்குமுன் படித்ததில்லை.

பல் டாக்டரின் குரல் வந்தது. "யார் இதை எழுதினது?"

பொத்தானின் படத்தில் ஒரு கட்டில், அதன் மேல் ஒரு ஆள், வாய் மட்டும் முகம் அளவுக்கு. "இது அப்பா. பல்லு தேய்க்காம தூங்கிட்டாங்க. ஈ உள்ள போயி பாத்துட்டு வந்துருச்சு."

"நான்தான் சார்."

"யாரைக் கேட்டு எழுதினீங்க?"

"பையனைக் கேட்டுத்தான் சார்," என்றார். உண்மையைத்தான் சொன்னார். பின்னால் யாருக்கோ இருமல் வந்தது.

"இங்க நிக்கிறதுல பாதிப் பேர் என்கிட்ட வர்றவங்க. ராத்திரி தேய்ங்க, ராத்திரி தேய்ங்கன்னு தொண்டை வத்தச் சொல்றவன் நான். நீங்க கயிறு கட்டித் தொங்க விட்டிருக்கீங்க!"

பெரிய மிஸ் கதவருகே நின்றார். நெற்றி சுருங்கியிருந்தது. முடிந்தது, கழிப்பறைப் படத்துக்கு நன்றி என்று நினைத்துக்கொண்டார் மீசை மிஸ். திங்கட்கிழமை காலை சட்டை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கிளம்பி எங்கே போவது என்ற கணக்குக்கூட மனதில் ஓட ஆரம்பித்தது. கை கிளிப்பை நோக்கிப் போனது. பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டால் சமாதானம் ஆகலாம். ஆனால் கிழிக்கக் கூடாது என்று மூன்று மாதமாகச் சொன்னவர் அவர்தான். பத்தொன்பது ஜோடிக் கண் பார்த்துக்கொண்டிருந்தது. கையைக் கீழே போட்டார்.

"அப்பா," என்றான் பொத்தான். அவனுக்கு அப்பாவின் கோபம் புரியவில்லை, குழப்பமாக இருந்தது. "நீங்கதான செக் பண்ணீங்க?"

"என்னது?"

பொத்தான் கால் விரலில் எம்பி, வலது கீழ் மூலையில் விரல் வைத்தான். "இது நான். இது மீசை மிஸ். இது நீங்க. மூணும் இருக்கு பாருங்க. மூணு இருந்தாத்தான் மாட்டுவாங்க."

டாக்டர் குனிந்தார். மருந்துச் சீட்டில் போடும் அதே கையெழுத்து, வாலை இழுத்துச் சுழித்தது, தேதியோடு. நோட்டைக் கயிற்றிலிருந்து எடுத்தார். முந்தைய பக்கம். அங்கேயும் அதே சுழி. அதற்கு முந்தைய பக்கம். சுற்றிலும் நோட்டுகள் கயிற்றிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது. ஒவ்வொருவரும் அவரவர் கையெழுத்தைத்தான் தேடினார்கள்.

டாக்டர் குழந்தைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் மார்புக்கு வந்தது. ஒரு பக்கத்தில் புரட்டுவதை நிறுத்திவிட்டார். அதில் வாயைத் திறந்துகொண்டு ஒரு சின்ன ஆள். "இது நான். அப்பா எல்லார் வாயையும் தினமும் பாப்பாங்க. என் வாயை ஞாயித்துக்கிழமை பாப்பாங்க. அதனால ஞாயித்துக்கிழமை நான் நிறைய திறப்பேன்." கீழே சுழி.

"டேய்," என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "நேத்து தேய்ச்சேன்டா."

"நான் பாக்கலையே."

"அப்போ திருத்தமோ என்னமோ சொல்வியே, அதைப் போட்டுடு."

"பாத்தாத்தான் போடலாம்," என்றான் பொத்தான். சட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

டாக்டர் நிமிர்ந்து அறையைப் பார்த்தார். "எல்லாரும் கேட்டுக்கோங்க. இன்னிக்கு ராத்திரி தேய்க்கிறேன். சாட்சி இவன்."

முதலில் வெடித்துச் சிரித்தது பிஸ்கட் அம்மா. அதன் பிறகு அறையில் யாரையும் பிடிக்க முடியவில்லை. குளியலறை அப்பா தன் நோட்டைத் தானே சத்தமாக வாசித்துக் காட்டினார். ஏழாவது நோட்டின் அத்தை ஒரு நாற்காலியை இழுத்து அறை நடுவில் போட்டு, "நீ இங்க உக்காரும்மா, நான் ஓரமா நிக்கிறேன். ஈ பாக்கட்டும்," என்றார். எழுத்து ஆரம்பிக்கவில்லை என்று புகார் சொன்னவர்களில் சீப்புவின் அம்மாவும் ஒருவர். மகள் லாரியின் ஒன்பது படத்தையும் அ, ஆ, இ என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே ஐயில் வந்து நின்றபோது, "இதெல்லாம் எப்படி உனக்குத் தெரியும்?" என்று கேட்டார். "நாய் சரியா வரலை, அதான்," என்றாள் சீப்பு.

பதினொரு மணிக்கு முடிய வேண்டிய நிகழ்ச்சி. ஒரு மணி வரை பெரியவர்கள் குட்டி நாற்காலிகளில் குந்திக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருந்தார்கள். தேநீர் ஆறி ஆடை கட்டியது. கடைசியில் குழந்தைகள்தான் பசி வந்து அவர்களை இழுத்துக்கொண்டு போனார்கள்.

எல்லாரும் போன பிறகு அவர் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார். பெரிய மிஸ் வந்து நின்றார்.

"சார், ஒருத்தர் முகமாவது சுளிச்சுதா?"

"ஒருத்தர் சுளிச்சார் மேடம்."

"போகும்போது?"

யோசித்தார். "போகும்போது இல்லை."

"நான் போகும்போதுன்னுதான சொன்னேன். திங்கட்கிழமை நேரத்துக்கு வாங்க." இரண்டடி நடந்து திரும்பினார். "இனிமே எதையும் மாட்டுறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டுங்க."

"ஸ்டாம்புல இன்னொரு கட்டம் சேர்க்கலாமா மேடம்? நீங்க கையெழுத்து போட?"

"சேருங்க. ஆனா நான் படிச்சுட்டுத்தான் போடுவேன்."

வீட்டுக்கு வந்து, மூன்று மாதக் கெடுவை மட்டும் விட்டுவிட்டு, நின்றபடியே கதையைச் சொன்னார். டாக்டராகக் குனிந்து காட்டினார், பொத்தானாக எம்பிக் காட்டினார். மனைவி வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டுச் சிரித்தார். ஊசி வாயில் இருக்கும்போது சிரிக்கக் கூடாது. மகள் தரையில் உருண்டாள். "ஒருத்தர்கூடப் படிக்கலையாப்பா? பாக்காமலேயே கையெழுத்தா? என்ன ஜனங்கப்பா!"

சொல்லி முடித்ததும் சட்டென்று நின்றாள். எழுந்துபோய் அவர் பையிலிருந்து அவருடைய நோட்டை எடுத்தாள். அவர் தடுக்கவில்லை. அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கத்தில் நிற்கப்போகிறாள் என்று அவருக்குத் தெரியும்.

மேலிருந்து பார்த்த வீடு. மூன்று வட்டம். அவர் கையெழுத்தில்: "மெஷின் கிட்ட இவ. மேசை கிட்ட மக. கதவோரம் நான். வேலை மூணு மாசத்துக்குத்தான். வீட்டுல சொல்லலை. சொன்னா மெஷின் இன்னும் வேகமா ஓடும். அளவு: நெஜத்தை விடச் சின்னது."

வலது கீழ் மூலையில் மகளின் கையெழுத்து. பக்கத்தில் எண்ணெய்க் கறை.

"அப்பா," என்றாள்.

"செக் பண்ணிட்டியா?"

"இப்பத்தான் பண்றேன்."

மனைவி நோட்டை வாங்கிப் படித்தார். இரண்டு முறை படித்தார். "வேகமா ஓடும்தான். ஓடினா என்ன, மெஷின் தேஞ்சா போயிடும்?" என்று அதட்டினார். பிறகு அவர் காலரைச் சரிசெய்தார். காலர் சரியாகத்தான் இருந்தது.

"சரி, திருத்தம் போடணும்," என்றார் அவர். அடுத்த பக்கத்தில் மறுபடியும் வீட்டை வரைந்தார். மூன்று வட்டம், ஒன்றுக்கு மீசை. இந்தத் தடவை கதவோரத்தில் யாரும் இல்லை. பேனாவை மகளிடம் கொடுத்தார். "நான் சொல்றதை எழுது. நீ நினைக்கிறதை எழுதாத."

"இதைப் பத்திச் சொல்லுங்க," என்றாள் மகள்.

"இது நான். வேலை இருக்கு. ரொம்ப பசிக்குது. யாரும் இன்னும் சோறு போடலை."

வார்த்தை மாறாமல் எழுதினாள். திருத்தம்: ஆ.

மகள் இப்போது லிப்ட் சோதிக்கும் வேலையில் இருக்கிறாள். கயிறு, பிரேக், கதவு எல்லாவற்றையும் பார்த்து அறிக்கையின் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வரி விடாமல் படிப்பாள். கூட வேலை செய்பவர்களுக்கு அதில் கொஞ்சம் சலிப்பு உண்டு.

அவருடைய நோட்டுகள் பதினேழு. கடைசி நோட்டின் கடைசிப் படத்தை மருத்துவமனையில் வரைந்தார். மேலிருந்து பார்த்த அறை. ஒரு கட்டில், அதில் மீசை வைத்த வட்டம், இரண்டு பக்கமும் ஒவ்வொரு வட்டம். கோடு நடுங்கியிருக்கிறது. எழுத முடியவில்லை, பேனாவை மகளிடம் தள்ளினார்.

"இதைப் பத்திச் சொல்லுங்கப்பா."

"இது நாங்க மூணு பேரு. ஈ மேல இருக்கு. அதுக்குப் போரடிக்குது, ஏதாவது பண்ணுங்க."

மனைவி சிரித்தார். மகள் எழுதினாள்.

"அளவு?"

"பெருசு."

"எவ்வளவு பெருசு?"

"நெஜத்தை விட."

எழுதினாள். வரைந்தவர் என்ற இடத்தில் அவர் ஒரு மீசை போட்டார். எழுதியவர் என்ற இடத்தில் அவள். சரிபார்த்தவர் என்ற இடத்தில் மனைவி. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து படித்துவிட்டுத்தான் போட்டார்.

கட்டம் நிறைந்திருக்கிறது. படம் இப்போது முன்னறைச் சுவரில், மெஷினுக்கு மேலே.